ஹொனோராவின் வெள்ளைத் தொப்பி

நம்பாதவர்கள் என் இடது தோளைத் தொட்டுப் பார்க்கலாம். காறை எலும்பு இரண்டாக உடைந்து, இன்னும் ஒட்டவில்லை.

முப்பத்தொரு வருஷம் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவள் நான். செத்தவர்களைக் கழுவித் துடைத்து அனுப்பிய கை இது. பேய் பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுவேன். அப்படிப்பட்ட என்னைத்தான் பட்டப்பகலில், என் அண்ணன் வீட்டு அடுப்படியில், எப்போதோ செத்துப்போன ஒருவன் அடித்து நொறுக்கினான்.

ஆஸ்திரேலியாவின் தென்கோடித் தீவான டாஸ்மேனியாவில் பாதிக் குடும்பங்கள் அந்தக் காலத்தில் பிரிட்டன் நாடுகடத்திய கைதிக் கப்பலில் வந்து இறங்கியவைதான். எங்கள் வம்சமான ப்ரிட்மோர்கள் மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். எங்கள் வீட்டு பைபிளில் பிறப்பு இறப்பு எழுதும் பக்கத்தை யாரோ கத்தரித்து எடுத்திருந்தார்கள். அண்ணன் ஆர்விலிடம் கேட்டால், "நம்ம வம்சத்துல கைதியா? வாயைக் கழுவு, ரோ" என்பான். எழுபது வயதிலும் அதே பதில்தான்.

ஆவணக் காப்பகத்தில் நானே தேடினேன். கிடைத்தாள். ஹொனோரா கீலி, அயர்லாந்து, வயது பத்தொன்பது. துணி திருடியதற்கு ஏழு வருஷம் தீவாந்தரம். எங்கள் கொள்ளுத் தாத்தாவைப் பெற்றவள். ஜேபெஸ் ப்ரிட்மோர் என்பவனுடைய பண்ணைக்கு வேலைக்காரியாக அனுப்பியிருக்கிறார்கள். பிற்பாடு அவள் மகன் கைக்கு வந்து, இன்று அண்ணன் குடியிருக்கும் அதே பண்ணைதான். மூன்று தடவை ஓடியிருக்கிறாள். மூன்று தடவையும் பிடித்து, தலைமயிரை ஒட்ட வெட்டி, இருட்டறையில் போட்டு, திரும்ப அவனிடமே அனுப்பினார்கள். கடைசியில் அவனுக்கே கல்யாணமும் செய்து வைத்தார்கள். அதற்குப் பிறகு ஒரு வரி கிடையாது. அவன் கையால் செத்தாளா, தப்பினாளா? அது தெரியாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை.

கைதிப் பெண்களின் வாரிசுகள் இங்கே ஒன்று செய்வோம். வேலைக்காரிகள் அணிந்த மாதிரி வெள்ளைத் துணித் தொப்பி ஒன்று தைப்போம். அதில் அவள் பெயரையும், வந்த கப்பலின் பெயரையும் நூலால் எழுதுவோம். பிறகு எல்லோரும் தலைநகர் ஹோபார்ட்டில் கூடி, பாதிரியார் ஆசீர்வதிக்க, தொப்பியைக் கையில் ஏந்தி நடப்போம். ஞாயிற்றுக்கிழமை அந்தக் கூட்டம். கடைசித் தையலை அவள் பாடுபட்ட அடுப்படியிலேயே போடலாம் என்று நினைத்தேன். எனக்கு யாரும் சொல்லாமல் தோன்றிய கோணல் புத்தி அது.

வியாழக்கிழமை. மதியம் 2.40.

ஆர்வில் ஆடுகளுக்குத் தீனி வைக்கக் கிளம்பிக்கொண்டிருந்தான். தொப்பியைப் பார்த்து இளித்தான். "தலையில கட்டிப் பாரு. அசல் வேலைக்காரி மாதிரிதான் இருப்பே." வண்டிச் சத்தம் வாசலைத் தாண்டிப் போயிற்று.

3.05. கடைசி முடிச்சைப் போட்டு நூலைக் கடித்தேன். அளவு சரியா என்று பார்க்கத் தலையில் வைத்தேன். நாடாவை மோவாய்க்குக் கீழே கட்டினேன். கையில் ஏந்த வேண்டியதைத் தலையில் கட்டினேன், அதுவும் ஜேபெஸ் வாழ்ந்த வீட்டில்.

3.08. மணி அடித்தது.

கதவுக்கு மேலே பழைய காலத்து வேலைக்கார மணி ஒன்று உண்டு. அதன் கம்பியை நான் சின்னவளாக இருக்கும்போதே எங்கள் அப்பா அறுத்துவிட்டார். அது ஆடிக்கொண்டிருந்தது. காற்று என்று நினைத்தேன். ஜன்னல் சாத்தியிருந்தது.

வாசலில் ஆர்விலின் நாய் படுத்திருக்கும். அது முனகியது. பிறகு அதன் சத்தமே இல்லை.

ஈரக் கம்பளி வாடை. ரம் வாடை. ஆர்வில் குடிப்பவன் அல்ல.

பழைய கணப்பைச் செங்கல் வைத்து அடைத்து ஐம்பது வருஷம் இருக்கும். திரும்பிப் பார்த்தேன். செங்கல் இல்லை... உள்ளே நெருப்பு எரிந்துகொண்டிருந்தது.

3.11. பூட்ஸ் சத்தம். கல் தரையில். டக்... டக்... டக்...

என் முதுகுக்குப் பின்னால் நின்றது.

"எங்கடி போயிருந்தே?"

நான் திரும்புவதற்குள் தலைமயிரை ஒரு கை பிடித்தது. முகத்தை மேஜையில் மோதியது. ஒரு தடவை. இரண்டு தடவை. வாயில் ரத்தம் உப்புக் கரித்தது. கத்தினேன். நான் ஹொனோரா இல்லை, ஹொனோரா இல்லை என்று கத்தினேன். அவனுக்கு முகம் முக்கியமே இல்லை. தொப்பிதான் தெரிந்தது.

தரையில் விழுந்தேன். கணப்புக் கம்பி உயர்ந்தது.

தோளில் விழுந்தது. எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது.

விலாவில்... மறுபடியும் விலாவில்...

அப்போதுதான் பார்த்தேன். சாமான் அறை வாசலில் ஒரு பெண். ஒட்ட வெட்டிய தலை. இடுப்பில் குழந்தை. கன்னம் வீங்கி, ஒரு கண் மூடியிருந்தது.

என்னையே பார்த்தாள். அசையவில்லை.

ஓடு என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

நாடா கழுத்தை இறுக்கியது.

கை துழாவியது... முடிச்சு... இழுத்தேன்.

தொப்பி கழன்றது.

செங்கல் சுவர். குளிர்ந்த அடுப்படி. சுவர்க் கடிகாரத்தில் 3.14.

கதவை முட்டித் திறந்து ஓடினேன். மூன்று நிமிஷம்தான் நடந்திருக்கிறது. கேட் அருகில் என்னைக் கண்ட ஆர்வில், மாடிப்படியில் விழுந்தாயா என்றான். டாக்டரும் அதையேதான் எழுதிக்கொண்டார். மாடிப்படி முடியைப் பிடுங்குமா என்று இருவரிடமும் கேட்டேன்.

ஞாயிறு கூட்டம் எனக்கில்லாமல் நடந்து முடிந்தது. ஒன்பதாம் நாள் காப்பகத்திலிருந்து, ஜேபெஸின் பெயரில் ஏதாவது உண்டா என்று நான் முன்பே கேட்டிருந்த நகல் வந்தது. மனைவியைக் காணோம் என்று ஜேபெஸ் கொடுத்த புகாரின் விசாரணை அது. பண்ணையில் வேலை செய்த ஐசக் ட்ராஸ்க் என்ற கைதி சாட்சி சொல்லியிருந்தான். நான் அதைப் படிக்க, ஆர்வில் என் எதிரே உட்கார்ந்து கேட்டான்.

அடுப்படி ஜன்னல் வழியாக ஐசக் பார்த்திருக்கிறான். எஜமான் அடித்தது எஜமானியை அல்ல. நரைத்த தலை, வெள்ளைத் தொப்பி, ஆண்பிள்ளை மாதிரி கால்சட்டை போட்ட ஒரு கிழவியை. எஜமானி குழந்தையோடு பார்த்துக்கொண்டு நின்றாள். சட்டென்று கிழவியைக் காணவில்லை. எஜமானியும் நின்ற இடத்தை விட்டு நகரவில்லை.

இதே மாதிரி இரண்டாவது தடவையும் நடந்தது என்கிறான். கிழவியின் தோளில் அப்போது கட்டுப் போட்டிருந்ததாம். தானாகவே வந்து எஜமான் முன்னால் நின்றாளாம். அவன் வெகுநேரம் அடித்தான். அந்த நேரத்தில்தான் எஜமானி குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே போனாள், திரும்பி வரவேயில்லை.

கிழவி இந்தத் தடவை மறையவில்லை. எழுந்திருக்கவும் இல்லை.

பொய்ச் சாட்சி என்று ஐசக்குக்கு முப்பத்தாறு கசையடி கொடுத்திருக்கிறார்கள்.

ஆர்வில் எழுந்தான். அவன் முகத்தில் ரத்தமே இல்லை. "அந்தத் தொப்பியைக் கொளுத்திடு, ரோ. நீ போகலேன்னா ஒண்ணும் ஆகாது." நான் போகாவிட்டால் அவள் எப்படி வெளியே போவாள் என்று கேட்டேன். அவன் பைபிளில் பக்கம் வெட்டின இடத்தைத் தடவிக்கொண்டே இருந்தான்.

எனக்குப் பயமாக இருக்கிறது. அதை மறைக்க மாட்டேன். ஆனால் அந்த மூடிய கண்ணை மறக்க முடியவில்லை.

இரண்டு சம்பவங்களுக்கும் இடையே பதினொரு நாள் என்று ஐசக் சொல்லியிருக்கிறான்.

இன்று பத்தாவது நாள்.