வைக்கோல் கட்டிய கை

கோப்பி இலைகளின் அடியில் நோய் மஞ்சள் பொடியாகப் படிந்து செடிகள் பட்டுப்போன வருஷங்களில், தோட்டங்கள் ஒவ்வொன்றாக ஆட்களை விரட்டின. கலஹா மலைகளிலிருந்து பசியோடு இறங்கியவர்கள் கண்டிக்கு நடந்து வந்தார்கள். நகரத்துக் கடைக்காரர்கள் சேர்ந்து அரிசி கொடுக்க, பாதையோரம் ஒரு கஞ்சிக் கொட்டகை எழுந்தது. அங்கே அகப்பை பிடித்தவள் வீரம்மா.

அவளுடைய அண்ணன் இருளப்பனுக்கு அதில் சொல்லி மாளாத பெருமை. பதினோரு வயதில் கோப்பிக் கூடை சுமந்தவள், புருஷனைக் காய்ச்சலுக்குக் கொடுத்தவள், எழுத்துத் தெரியாது. ஆனாலும் கொட்டகையின் சட்டம் அவள் வகுத்ததுதான். பல நாள் பட்டினி கிடந்த வயிறு எடுத்த எடுப்பில் சோற்றைத் தாங்காது என்பதை அவள் மலையில் கண்ணால் கண்டிருந்தாள். அதனால் முதல் நாள் வருகிறவர்களுக்குப் பானையைக் கலக்காமல், மேலே நிற்கும் கஞ்சித் தண்ணீர் மட்டும். மறுநாள்தான் அடியில் கிடக்கும் சோறு.

வாசலில் நின்று, நேற்று வந்த முகங்களை அடையாளம் கண்டு மணிக்கட்டில் வைக்கோல் கட்டுவது இருளப்பனின் வேலை. வீரம்மா முகம் பார்ப்பதில்லை. கையில் வைக்கோல் இருக்கிறதா என்றுதான் பார்ப்பாள்.

அன்று மூக்கையா என்பவன் மனைவி வேலாயியை முதுகில் சுமந்து வந்தான். இருவருக்கும் அது முதல் நாள். சிரட்டையில் விழுந்ததைப் பார்த்ததும் கத்தினான்.

"என்னம்மா, சோத்த அடியில வச்சுக்கிட்டு கழனித் தண்ணிய ஊத்துற? அது யாருக்கு, உன் மாமன் மச்சானுக்கா?"

"மகராணிக்குக் கை வளையாதுப்பா!" என்று வரிசையில் ஒருவன் சிரித்தான்.

வீரம்மா நிமிரவில்லை. "இன்னிக்கு இதைக் குடிங்கண்ணே. நாளைக்குச் சோறு ஊத்துறேன்."

"நாளைக்கு இவ இருப்பாளா?" என்று மூக்கையா மனைவியைக் காட்டினான்.

தங்கையை நாலு பேர் பார்க்க ஏசியது இருளப்பனுக்குப் பொறுக்கவில்லை. வேலாயியின் கண்களும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தன. ஒரு நாள் முந்தினால் என்ன வந்துவிடும் என்று நினைத்தான். தண்ணீரைக் குடித்து வெளியே வந்த வேலாயியின் மணிக்கட்டில் ஒரு வைக்கோலைக் கட்டி, இரண்டு பெண்களின் தோளில் சாய்த்துத் திரும்பவும் வரிசைக்கு அனுப்பினான்.

வீரம்மா வைக்கோலைப் பார்த்தாள். அகப்பையை அடிவரை இறக்கினாள்.

பொழுது சாயுமுன் வேலாயி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டாள். விடியும்போது உயிர் இல்லை.

அன்று மத்தியானம் வரிசை நகரவில்லை. "அவ கையால வேணாம்," என்றாள் ஒருத்தி. வீரம்மா அகப்பையைப் பானையில் சாய்த்து வைத்தாள்.

"நான்தான் முகத்தையும் ஒரு தடவ பாத்திருக்கணும்ணே. இனி வேற யாராவது ஊத்தட்டும்."

அவள் அகப்பையை விட்டால், பசித்தவன் ஏசும்போது அந்தச் சட்டத்தைக் காப்பதற்கு வேறு ஆள் கிடையாது. இருளப்பனுக்கு அது தெரியும். வாயை மூடிக்கொண்டால் தன் பேர் தப்பும் என்பதும் தெரியும்.

வரிசையின் முன்னால் வந்து நின்றான். "அந்தம்மாவுக்கு முந்தாநாள் கஞ்சி கிடையாது. நேத்துத்தான் முதல் நாள். தெரிஞ்சே வைக்கோலக் கட்டுனது நான். என் தங்கச்சி மேல தப்பு இல்ல."

மூக்கையா பாய்ந்து அவன் தோள்துண்டைப் பிடித்து உலுக்கினான். அடிக்க உடம்பில் வலு இல்லை. அப்படியே அழுதான்.

வீரம்மா அண்ணனிடம் வந்தாள். அவன் இடுப்பில் செருகியிருந்த வைக்கோல் கற்றையை உருவித் தன் இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"நீ போய் அடுப்பப் பாருண்ணே."

மூக்கையாவின் கையைப் பிடித்து ஒரு வைக்கோலை அவளே கட்டினாள். அவனுக்கு அது இரண்டாம் நாள். அகப்பையை எடுத்துப் பானையை அடிவரை கலக்கினாள்.

கொஞ்ச நேரம் கழித்து, அவன் சிரட்டையை நீட்டினான்.