பாய் கடையின் பச்சை விளக்குகள்

அலமாரியைத் துடைக்கும்போது கையில் பட்ட பழைய கேசட்டின் வாசனையில், வலங்கைமானில் இப்போது இல்லாமல் போய்விட்ட பாய் கடை அப்படியே எழுந்து வந்தது. குவைத்திலிருந்து அப்பா பேசி அனுப்பும் கேசட்டைக் கேட்க எங்கள் வீட்டில் டேப்ரிக்கார்டர் கிடையாது என்பதால், கேசட் விற்கும் பாயே தன் பெரிய ஜப்பான் செட்டில் காசு வாங்காமல் போட்டுவிட்டு, அம்மாவுக்கு ஸ்டூலை நகர்த்திவைத்து, வாசலுக்குப் போய் நின்றுகொள்வார். அப்பா மூச்சு விட்டால்கூட செட்டின் பச்சை விளக்குகள் துள்ளும். அவரே உள்ளே உட்கார்ந்திருப்பதுபோல நான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருப்பேன்.

"எல்லாருக்கும் சும்மாவே போட்டா கட்டுப்படியாகுமா பாய்?" என்று பக்கத்துக்கடை டெய்லர் ஒருநாள் கேட்டார்.

"கேட்டவங்களால பதில் பேசி அனுப்பாம இருக்க முடியுமாங்க?" என்றார் பாய்.

உள்ளே அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பாய், எம்ப்டி கேசட் ஒண்ணு குடுங்க, நாளைக்கு வந்து இந்த செட்டுலயே பேசிடுறேன்" என்றாள். எழுந்தவள் கொஞ்சம் நின்று, "ரெண்டாவே குடுங்க" என்றாள்.