எல்லாரும் போட்டுப் பாருங்க

இசக்கிதுரைக்கு எந்தக் காரியத்தையும் தனியாகச் செய்து பழக்கமில்லை. நாங்குநேரிப் பக்கத்திலிருந்து தாராவிக்கு வந்தபோது, அண்ணன் பூலோகத்தின் அறையில் எட்டுப் பேரோடு நெருக்கிப் படுத்தவர் அவர். தோல் பை தைக்கும் பட்டறையில் அவரைச் சேர்த்துவிட்டது சொந்தக்காரர்கள். பெண் பார்த்ததும், மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் வீடு பிடித்துக் கொடுத்ததும் அவர்கள்தான்.

வருஷா வருஷம் ஊர்க் கோயில் கொடைக்குப் போகத் தட்கல் ரயில் டிக்கெட் எடுப்பதும் அப்படித்தான். காலையில் முன்பதிவு திறந்த உடனே விக்ரோலியில் தங்கை கீதா, அவள் மகன் ஹரி, டாக்சி ஓட்டும் பூலோகம், பட்டறையில் இசக்கிதுரை என்று ஆளுக்கொரு போனில் ஒரே நேரத்தில் அமுக்குவார்கள். யாராவது ஒருவருக்குக் கிடைத்துவிடும். எத்தனை கை சேருகிறதோ அத்தனை நல்லது என்பது அவர்கள் எல்லோருக்கும் ஊறிப்போன விஷயம்.

குடும்பத்துக்கென்று வாட்ஸ்அப்பில் ஒரு குழு உண்டு. அதில் யாரும் எழுதுவதில்லை. பெரியவர்களுக்கு ஆங்கிலம் வராது, பிள்ளைகளுக்குத் தமிழ் வாசிக்க வராது. அதனால் எல்லாம் குரல் செய்திதான்.

அவர் மனைவி சொர்ணம்மாள் ஒரு ஆஸ்பத்திரியில் ஆயா. வார்டு தரையைத் துடைப்பாள், நோயாளிகளின் மலச்சட்டியை எடுப்பாள். மகள் ஷாலினி நர்ஸ் ஆக வேண்டும் என்பது அவளுடைய ஒரே ஆசை. பன்னிரண்டாவது முடித்த வருஷம் ஷாலினிக்கு இடம் கிடைக்கவில்லை. காட்கோபரில் ஒரு துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்துகொண்டு, இந்த வருஷம் மறுபடி விண்ணப்பித்தாள். நடந்துகொண்டிருந்தது சேர்க்கையின் கடைசிச் சுற்று. இதிலும் இல்லையென்றால் இனி அனுப்ப மாட்டேன், கடையிலேயே இருந்துவிடுகிறேன் என்று அவளே சொல்லியிருந்தாள்.

அன்றைக்கு மதியம் சாப்பாட்டுக்குக் கை கழுவிவிட்டு வந்தபோது இசக்கிதுரையின் போனில் ஒரு செய்தி கிடந்தது. விண்ணப்பத்தில் அவருடைய எண்ணைத்தான் கொடுத்திருந்தார்கள். செய்தி ஆங்கிலத்தில் இருந்ததால், பக்கத்து இருக்கையில் பைகளுக்கு உள்துணி ஒட்டும் நஜ்முன்னிசாவிடம் நீட்டினார்.

அவள் இரண்டு முறை படித்துப் பார்த்தாள். "அண்ணே, பிள்ளைக்கு சீட் போட்டிருக்கான். சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள உள்ள போயி சம்மதம்னு அமுக்கணுமாம். இல்லைன்னா அடுத்த ஆளுக்குப் போயிருமாம்."

"அமுக்கு."

"முதல்ல பேடா வாங்கிட்டு வாங்க. அப்புறம் அமுக்குதேன்."

இசக்கிதுரை சிரித்தார். அவர் அந்த நாளில் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

சேர்க்கை இணையதளத்துக்குள் போகக் கடவுச்சொல் வேண்டும். அது ஷாலினிக்குத்தான் தெரியும். கடையில் வேலை நேரம் முடியும்வரை போனை லாக்கரில் வைத்துவிட வேண்டும் என்பது சட்டம். கடை எண்ணுக்கு அடித்தார். யாரோ எடுத்து, டீ நேரத்தில் சொல்கிறேன் என்று வைத்துவிட்டார்கள்.

விண்ணப்பம் போட்ட அன்று ஷாலினி அம்மா பெயரையும் பிறந்த வருஷத்தையும் வைத்ததாக இசக்கிதுரைக்கு ஞாபகம். நஜ்முன்னிசா அதைப் போட்டாள். தவறு என்றது. வேறொன்று போட்டாள். பதில் வரக் கொஞ்ச நேரம் ஆனது. மூன்றாவது தடவை திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

"நெட்வொர்க் கிடைக்கல அண்ணே. இந்தத் தகரத்துக்குள்ள எப்பவும் இப்படித்தான்."

உண்மையில் நெட்வொர்க்கில் ஒரு கோளாறும் இல்லை. அந்தத் தளம் அப்படிக் கட்டப்பட்டிருந்தது. திருடன் ஒருவன் ஆயிரம் சொற்களை அடுத்தடுத்துப் போட்டுப் பார்த்து உள்ளே நுழைந்துவிடக் கூடாது என்பதற்காக, ஒவ்வொரு தவறுக்கும் பதிலைத் தள்ளிப்போடும். தவறு கூடக்கூடத் தாமதமும் கூடும். இசக்கிதுரைக்கு அது தெரியாது. அவருக்குத் தெரிந்தது தட்கல். போனைக் கையில் எடுத்து, விண்ணப்ப எண்ணைச் சொல்லி, குழுவில் குரல் செய்தி அனுப்பினார்.

"நம்ம ஷாலினிக்கு நர்ஸ் சீட் கிடைச்சிட்டு. உள்ள போகணும், பாஸ்வேர்டு தெரியல. இங்க நெட்டு கிடையாது. ஆளுக்கு ஒண்ணா நினைப்புல வர்றத எல்லாரும் போட்டுப் பாருங்க."

பதில்கள் வரத் தொடங்கின.

"அண்ணே, அவ பிறந்தநாளப் போட்டேன், இல்லைன்னுட்டு. அவ வளத்த பூனைக்குட்டி பேரப் போட்டேன், அதுவும் இல்ல. சுத்திக்கிட்டே கிடக்கு," என்றாள் கீதா.

"மாமா, எனக்கு வைஃபை. எனக்கும் ஸ்லோதான். அவளுக்கு பாய்ஃபிரெண்டு யாரும் இருக்கானா, அந்தப் பேரப் போடுவோம்," என்றான் ஹரி. கீதா அவனை அதட்டுகிற சத்தமும் அதே செய்தியில் பதிவாகியிருந்தது.

குழுவில் இருந்த மற்றவர்களும் முயன்றார்கள். எல்லோரும் அந்தப் பிள்ளைக்காகத் தங்கள் வேலையை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். கடைசியில் எல்லார் திரையிலும் ஒரே வாசகம் வந்தது: தவறான முயற்சிகள் அதிகமாகிவிட்டன, ஒரு மணி நேரம் காத்திருக்கவும்.

கீதாதான் முதலில் சுதாரித்தாள். "நான் ரயிலேறி அவ கடைக்கே போறேண்ணே." விக்ரோலியிலிருந்து காட்கோபர் அடுத்த ஸ்டேஷன். செய்தி வந்த உடனேயே அவள் போயிருக்கலாம். அப்போது யாருக்கும் அது தோன்றவில்லை.

கீதா போய்ச் சொல்லி, லாக்கரிலிருந்து போனை வாங்கியதும் ஷாலினி கடை வாசலிலேயே நின்று சரியான கடவுச்சொல்லைப் போட்டாள். தளம் அதையும் ஏற்கவில்லை. காத்திருக்கும் நேரத்தை முதலிலிருந்து தொடங்கியது.

இசக்கிதுரை உதவி எண்ணுக்கு அடித்தார். ஒரு பையன் பொறுமையாக இந்தியில் பேசினான். உங்கள் பெண்ணின் கணக்கை யாரோ உடைக்கப் பார்க்கிறார்கள், பல இடங்களிலிருந்து முயல்கிறார்கள், பயப்பட வேண்டாம், உள்ளே யாரும் வர முடியாது என்றான்.

"ஹமீச் ஹை, சாப்," என்றார் இசக்கிதுரை. அந்த யாரோ நாங்கள்தான் என்று.

அவன் விண்ணப்ப எண்ணை மறுபடி கேட்டுச் சரிபார்த்தான். பிறகு, தன்னால் திறக்க முடியாது, நேரம் முடியும்வரை யாரும் தொடாதீர்கள், தொட்டால் மறுபடி ஒரு மணி நேரம் என்றான்.

இசக்கிதுரை குழுவில் சொன்னார்: "யாரும் தொடாதீங்க. கையெடுத்துக் கும்பிடுதேன், யாரும் தொடாதீங்க."

இசக்கிதுரையும் ஷாலினியும் வீடு வந்து சேர்ந்தார்கள். ஐந்து மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது தளம் திறக்கும். அது போதும். போனைப் பாயில் வைத்துவிட்டு அப்பாவும் மகளும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். திரையில் மீதி நிமிடங்கள் குறைந்துகொண்டே வந்தன. பத்து ஆயிற்று, ஏழு ஆயிற்று. நான்கைத் தொட்டபோது திரை ஒருமுறை மங்கித் தெளிந்து, மறுபடி அறுபது என்றது.

ஷாலினி தன் விரல்களைப் பார்த்தாள். அவை மடியில் இருந்தன.

இசக்கிதுரையின் போன் அடித்தது. பூலோகம்.

"எலே தம்பி, மதியம் ஏர்போர்ட் சவாரி, இப்பதான் போனைக் கையில எடுத்தேன். முதல் மெசேஜக் கேட்ட உடனே வண்டிய ஓரங்கட்டிட்டேன். நம்ம சாமி பேரப் போட்டேன், கேக்கல. வேற எதாவது சொல்லு, போடுதேன். நம்ம பிள்ளைக்கு இல்லாம யாருக்கு."

குரல் செய்திகள் வரிசையாகத்தான் வரும். தொடாதே என்று தம்பி கும்பிட்டது முப்பது செய்திகளுக்குக் கீழே கிடந்தது.

"போதும்ணே," என்றார் இசக்கிதுரை. "வச்சிரு."

ஐந்து மணி வந்தது, போனது. ஷாலினி எழுந்திருக்கவில்லை. ஒரு மணி நேரமும் முடிந்தபிறகு, இனி அவசியம் எதுவும் இல்லாமலே, கடவுச்சொல்லைப் போட்டாள். தளம் உடனே திறந்தது. அவள் பெயரை எழுதி வணக்கம் சொன்னது. அதன் கீழே, குறித்த நேரத்துக்குள் சம்மதம் வராததால் இடம் அடுத்தவருக்கு வழங்கப்பட்டது என்று இருந்தது.

சொர்ணம்மாள் வேலை முடிந்து வந்தபோது இருவரும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் முகத்தைப் பார்த்தே அவளுக்குப் புரிந்துவிட்டது. பையைக் கீழே வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்தாள்.

விளக்குப் போடுகிற நேரத்தில் பூலோகம் வந்தார். கையில் ஒரு பேடா டப்பா இருந்தது. வாசலிலேயே நின்று, "என்னாச்சு மக்கா?" என்றார்.

இசக்கிதுரை வாயைத் திறந்தார். அதற்குள் ஷாலினி சொன்னாள்:

"அது தப்பா வந்த மெசேஜ் பெரியப்பா. என் மார்க்குக்கு அந்த சீட்டு கிடைக்காதாம்."

பூலோகத்தின் முகம் தொங்கிப் போயிற்று. டப்பாவை எங்கே வைப்பதென்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தார். "இன்னும் கொஞ்சம் கருத்தாப் படிச்சிருக்கலாம்லா மக்கா," என்றார். "இத்தன பேரு உனக்காகப் பாடுபட்டோம்."

"ஆமா பெரியப்பா," என்றாள் ஷாலினி.

இசக்கிதுரை, அண்ணன் உட்கார இடம் வேண்டுமே என்று பாயில் கொஞ்சம் நகர்ந்துகொண்டார்.