ஒரே பெயரில் இரண்டு அருணாசலம்

திருவண்ணாமலையில் ரத்த தானம் செய்பவர்களின் பட்டியலை எக்செல்லில் வைத்திருக்கிறேன். பெயரைத் தட்டினால் ஊர், ரத்த வகை எல்லாம் இணைந்து வரும்படி அதை இணைப்புத் தரவாக மாற்ற, பெரிய மென்பொருள் ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன்.

ஒருநாள் மருத்துவமனையிலிருந்து, பிரசவத்துக்கு வந்த பெண்ணுக்கு அவசரமாக ஓ நெகட்டிவ் ரத்தம் கேட்டார்கள். திரையில் வந்த அருணாசலத்துக்குப் போன் செய்தேன்.

"எனக்கு பி பாசிட்டிவ்ங்க. வேற யாரையோ கேக்கறீங்க" என்றார்.

பழைய எக்செல்லைத் திறந்து பார்த்தேன். ஒரே பெயருள்ள இருவரை மென்பொருள் ஒருவராக்கியிருந்தது! ஓ நெகட்டிவ் உள்ள கீழ்பென்னாத்தூர் அருணாசலத்தைப் போனில் பிடித்தேன்.

"இதோ கெளம்பிட்டேங்க" என்றார். தாயும் குழந்தையும் பிழைத்தார்கள்.

இப்போது ஒவ்வொருவருக்கும் தனி எண் கொடுத்து, ஒரே பெயர் வந்தால் என்னைக் கேட்ட பிறகே இணைக்கும் எளிய கருவியைத்தான் பயன்படுத்துகிறேன். முதலில் பத்துப் பேரை மட்டும் மாற்றி, அவர்களுக்கு நானே போன் செய்து சரிபார்க்காமல் அடுத்தவர்களைத் தொடுவதில்லை.