எண்பது கண்ணியில் இரண்டு

போன வெள்ளிக்கிழமை ஆலங்காயம் பஸ் ஸ்டாண்டில் என் மானம் போயிற்று.

வாணியம்பாடி பஸ்ஸுக்காக நானும் என் கணவரும் நின்றுகொண்டிருந்தோம். திடீரென்று எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு குரல் —

“கண்ணி டீச்சரம்மா! அய்ய, நம்ம கண்ணி டீச்சர் தானே?”

பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்த்தது. எங்கள் பக்கத்து நாக்கு ண, ன இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் காட்டாது. நாற்பதை நெருங்குகிற, பக்கத்தில் புருஷனை நிறுத்தி வைத்திருக்கிற ஒருத்தியை ‘கன்னி டீச்சர்’ என்று கூவினால் ஜனங்கள் பார்க்காமல் என்ன செய்வார்கள்? டீக்கடைக்காரர் டீ ஆற்றுவதையே நிறுத்திவிட்டார். என் கணவர் என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன்.

கூப்பிட்டது வெள்ளச்சி. தலையில் புளிக்கூடை. பன்னிரண்டு வருஷம் கழித்துப் பார்க்கிறேன். அவள் சொல்லிவிட்டுப் போன விஷயத்தால் ஒரு வாரமாக எனக்குத் தலை சுற்றுகிறது. யாரிடமாவது கொட்டினால்தான் ஆகும். உங்களை விட்டால் எனக்கு யார்?

கதை இதுதான்...

அப்போது ஜவ்வாது மலையில், நெல்லிவாசல்நாட்டுப் பக்கம் ஒரு ஹாஸ்டல் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தேன். கல்யாணமாகி ஆறே மாதம். அவர் வேலூரில், நான் மலையில். பஸ் வந்தால் வரும். ஜீப் கிடைத்தால் கிடைக்கும். இரண்டும் இல்லாவிட்டால் கால் இருக்கிறது. மார்கழி மாதத்தில் பத்து மணி வரைக்கும் எதிரே வருபவர் யாரென்று தெரியாது. குரலை வைத்துத்தான் வணக்கம் சொல்ல வேண்டும்.

அந்தக் குளிரில்தான் சரோஜாவுக்கு அந்த யோசனை வந்தது. சரோஜா என்பவள் ஆஸ்பத்திரிக் கம்பவுண்டரின் மனைவி. ஆற்காட்டுக்காரி. அவளிடம் நிஜமான ஸ்வெட்டர் ஊசி ஒரு ஜோடியும், கம்பவுண்டரின் பழைய ஸ்வெட்டர்கள் மூன்றும் இருந்தன. “பிரிச்சுப் பின்னலாம் டீச்சர். குழந்தைங்க எல்லாம் நடுங்குதுங்க” என்றாள்.

சனிக்கிழமை மத்தியானம், பள்ளிக்கூட வராந்தா. சரோஜா, நான், மலைக்காரி வெள்ளச்சி, அவளோடு வருகிற மூன்று நான்கு பெண்கள். வெள்ளச்சிக்கு ஒரு பெண் குழந்தை. பனி விழுந்தால் இருமல் நிற்காது. அதற்கு ஒரு ஸ்வெட்டர் வேண்டும் என்றுதான் வந்து சேர்ந்தாள். ஊசிக்கு எங்கே போவது? நான் என் ஓட்டைக் குடையைப் பிரித்துக் கம்பி எடுத்தேன். வெள்ளச்சி மூங்கிலைச் சீவி, வழவழவென்று இழைத்து, சரோஜாவின் ஊசியே வெட்கப்படுகிற மாதிரி ஒரு ஜோடி கொண்டுவந்தாள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், எங்களில் யாருக்குமே முழுசாகப் பின்னத் தெரியாது! சரோஜாவுக்கு ஆரம்பிக்கத் தெரியும். நேராகப் பின்னத் தெரியும். எனக்குத் திருப்பிப் பின்ன மட்டும் தெரியும். முடிக்க? ஊசியிலிருந்து எப்படிக் கழற்றுவது? அது யாருக்கும் தெரியாது. கழற்றினால் மொத்தமும் பிரிந்துவிடும். ஆகவே நாங்கள் நிறுத்தாமல் பின்னிக்கொண்டே இருந்தோம். என் மஃப்ளர் என்னைவிட உயரமாகிவிட்டது.

ஆனால் அந்தச் சனிக்கிழமைகள்! ஒருத்தி தப்பு செய்தால் ஐந்து பேர் தலையை நீட்டுவோம். ஐந்து பேரும் ஐந்து விதமாகச் சொல்வோம். தப்பு இன்னும் பெரிசாகும். பிறகு எல்லோரும் சேர்ந்து பிரிப்போம். தனியாகக் குடித்தனம் செய்துகொண்டிருந்த எனக்கு, வாரம் பூராவும் அந்த மத்தியானத்துக்காகத்தான் விடிந்தது.

இப்போது என் பாவத்துக்கு வருகிறேன். ஊசியில் வரிசையாக நிற்கிற அந்தச் சின்னச் சின்ன வளையத்துக்கு ஒரு பேர் வேண்டியிருந்தது. சரோஜா ‘லூப்’ என்றாள். நான் தமிழ் டீச்சர் ஆயிற்றே, சும்மா இருப்பேனா? “வலைக்குக் கண்ணி உண்டில்லையா? இதுவும் கண்ணிதான்” என்றேன். வெள்ளச்சியும் மற்ற பெண்களும் ஒருவரை ஒருவர் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ஏன் சிரிக்கிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை. புது வார்த்தை, சிரிக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

அன்றிலிருந்து எல்லாம் கண்ணிதான். “எத்தனை கண்ணி போட்ட?” “உன் கண்ணி வுட்டுப் போச்சு பாரு!” எங்கே பார்த்தாலும் இதே பேச்சு. ஊர்ப் பெண்கள் எனக்கு ‘கண்ணி டீச்சர்’ என்றே பேர் வைத்துவிட்டார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஒரு திங்கட்கிழமை காலை. முதல் மணி கூட அடிக்கவில்லை. வெள்ளச்சி பனிக்குள்ளிருந்து ஓடி வருகிறாள். தலை கலைந்து, சேலை முட்டி வரைக்கும் ஈரம்.

“டீச்சரம்மா! எங்க வூட்டுக்காரர ஆபீஸுக்கு இட்டுனு போய்ட்டாங்க!”

“எந்த ஆபீஸ்? எதுக்கு?”

“ரேஞ்சர் ஆபீஸு. நான் கண்ணி போட்டேன்னு...”

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஸ்வெட்டர் பின்னினால் புருஷனைப் பிடிப்பார்களா? சத்தம் கேட்டு சரோஜா ஓடி வந்தாள். “நம்ம நூலு ஏதாவது திருட்டு நூலா டீச்சர்?” என்றாள். அது அவள் புருஷனின் ஸ்வெட்டர்! அப்படிக் குழம்பிப் போயிருந்தோம்.

ஹெட்மாஸ்டர் வந்தார். கண்ணமங்கலத்துக்காரர், மலையில் பழம் தின்று கொட்டை போட்டவர். நான் சொன்னதைக் கேட்டதும் தலையில் கை வைத்துக்கொண்டார்.

“ஏம்மா, கண்ணின்னா இந்த மலையில இன்னா தெரியுமா? முயலு, கவுதாரி பிடிக்கக் காட்டுல வெக்கிற சுருக்கும்மா! வெக்கக் கூடாதுன்னு சட்டம் கீது. மாட்னா கேஸு, ஜெயிலு. தேன், கடுக்காய் எடுக்கிற சீட்டும் போய்டும். அந்தச் சீட்டு இல்லன்னா அந்தக் குடும்பம் இன்னா துன்னும்?”

விஷயம் இதுதான்: முந்தின நாள் சந்தை வழியில் வெள்ளச்சி யாரிடமோ பெருமையாக, “எண்பது கண்ணி போட்டுக்கிறேன், டீச்சரம்மாதான் சொல்லிக் குடுத்தாங்க” என்று சொல்லிக்கொண்டு போயிருக்கிறாள். பின்னால் ஃபாரஸ்ட் கார்டு. பொம்பளை எங்கே கண்ணி வைக்கப் போகிறாள், புருஷன்தான் வைத்திருப்பான் என்று முடிவு கட்டி, விடிந்ததும் சடையனைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

நான் வைத்த ஒரு பேரால் ஒரு மனுஷன் ஜெயிலுக்குப் போகப் போகிறான்! அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வெள்ளச்சியின் பின்னலை மூங்கில் ஊசியோடு அப்படியே எடுத்துக்கொண்டேன். சரோஜா, நான், வெள்ளச்சி மூன்று பேரும் ரேஞ்சர் ஆபீஸுக்கு ஓட்டமும் நடையுமாகப் போனோம்.

மூலையில் சடையன் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். “எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க சாமி” என்பதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். ரேஞ்சர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“நீங்கதான் கண்ணி போடக் கத்துக் கொடுக்கிற டீச்சரா?”

“ஆமாம் சார்... இல்லை சார்... இது ஸ்வெட்டர் சார்!”

பின்னலை மேஜை மேல் வைத்தேன். இதுதான் கண்ணி, இதுதான் எண்பது என்று மூச்சு விடாமல் சொன்னேன். பொறுமையான மனுஷர். பேனா முனையால் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ண ஆரம்பித்தார். கார்டும் குனிந்து எண்ணினார். சரோஜா வாய்க்குள் எண்ணினாள்.

“எழுபத்தெட்டுதான் இருக்கு. கார்டு ரிப்போர்ட்ல எண்பதுன்னு எழுதியிருக்கு. மீதி ரெண்டு எங்கே?”

பின்னலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அதோ, நடுவில் இரண்டு இடத்தில் ஓட்டை. ஊசியிலிருந்து நழுவி இறங்கியிருக்கிறது.

“ரெண்டு கண்ணி விழுந்துடுச்சு சார்!”

வெள்ளச்சி என் கையை இறுக்கிப் பிடித்தாள். நகம் பதிகிற அளவுக்கு. பயத்தில் பிடிக்கிறாள் என்று நினைத்தேன்.

“சரி, பின்னிக் காட்டுங்க” என்றார் ரேஞ்சர். நான் ஊசியைச் சரோஜாவிடம் நீட்டினேன். சரோஜா ஊசியைக் கீழே போட்டாள். வெள்ளச்சி எடுத்தாள். கண்ணை மூடித் திறப்பதற்குள் ஒரு வரிசை ஓடிவிட்டது. கார்டு வாயைப் பிளந்தார்.

“இது எப்போ முடியும்?” என்று கேட்டார் ரேஞ்சர்.

“முடிக்கத் தெரியாது சார்” என்றேன். உண்மையைத்தானே சொல்ல வேண்டும்? அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். இவ்வளவு அசடு பொய் சொல்லாது என்று தோன்றியிருக்க வேண்டும். சடையனை அனுப்பிவிட்டார். “முடிக்கத் தெரிஞ்ச பிறகு எனக்கும் ஒரு மஃப்ளர்” என்றார்.

வழியெல்லாம் வெள்ளச்சி அழுதாள், சிரித்தாள். சாயங்காலம் ஒரு தூக்கு நிறையக் குழம்பும் சாமைச் சோறும் கொண்டுவந்தாள். “கோழிக் குழம்புங்க டீச்சரம்மா. நீங்க இல்லன்னா எங்க குடும்பம் இன்னா ஆயிருக்கும்?” சரோஜாவும் நானும் விரலைச் சூப்பிச் சூப்பிச் சாப்பிட்டோம். தொடை எலும்பு மட்டும் நாலு வந்தது. ஐயோ பாவம், நமக்காக இரண்டு கோழியை அடித்திருக்கிறாளே என்று சரோஜாவிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்தேன்.

அடுத்த சனிக்கிழமை வெள்ளச்சி பின்னலை ஊசியில்லாமல் கொண்டுவந்தாள். முடித்திருந்தாள்! ஒரு கண்ணிக்குள் அடுத்த கண்ணியை நுழைத்து நுழைத்து, கடைசியில் ஒரு முடிச்சு. இழுத்தால் இன்னும் இறுகுகிறது, அவிழ்வதாக இல்லை. “யார் சொல்லிக் கொடுத்தது?” என்றால், “கை தானா வருதுங்க” என்று சிரித்தாள். எங்களுக்கெல்லாம் அவள்தான் அதைக் கற்றுக் கொடுத்தாள். குழந்தை ஸ்வெட்டர் போட்டுக்கொண்டது. ரேஞ்சர் மஃப்ளர் சுற்றிக்கொண்டார். இரண்டு ஓரத்திலும் அதே முடிச்சு.

அந்த முடிச்சுதான் என்னைக் கெடுத்தது. இப்படி ஒரு முடிச்சு, காட்டில் சுருக்கு வைக்கிறவனுக்கல்லவா தெரியும்? அப்படியென்றால் சடையன் நிஜமாகவே...? நான் பொய்ச் சாட்சி சொல்லிவிட்டேனா? மாற்றலாகி மலையிறங்கிய பிறகும் இந்தக் கேள்வி போகவில்லை. பன்னிரண்டு வருஷம்.

அதனால்தான் போன வெள்ளிக்கிழமை, மானம் போன கையோடு, அவளை ஓரமாக இழுத்துக் கேட்டே விட்டேன்.

“வெள்ளச்சி, இப்பவாவது உண்மையைச் சொல்லு. உன் வீட்டுக்காரர் கண்ணி வைப்பாரா, மாட்டாரா?”

கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தாள்.

“அவுரா? அய்யோ டீச்சரம்மா, அவுரு மாட்டக் கட்னா மாடு தானா அவுத்துக்கினு பூடும். அவுருக்கு இன்னா முடிச்சு தெரியும்? வெச்சதெல்லாம் நானு!”

“நீயா!”

“பின்ன? அன்னிக்கு விடியகாலம் கண்ணியப் பாத்துட்டு வூட்டுக்கு வர்றேன்... அவுர இட்டுனு போய்ட்டாங்கன்றாங்க. அப்புடியே உங்ககிட்ட ஓடியாந்தேன்.”

ஈரச் சேலை. மூங்கில் ஊசி. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்த பெண்கள். எல்லாம் என் கண் முன்னால் வரிசையாக வந்து நின்றன. சடையன் ஒன்றும் தெரியாது என்று சத்தியம் செய்தது சத்தியமே. யாருக்கு யார் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தோம் அந்த வராந்தாவில்? கோபப்பட வேண்டுமா, சிரிக்க வேண்டுமா? இந்த நிமிஷம் வரை எனக்குத் தெரியவில்லை.

“ஆனா டீச்சரம்மா, ஒண்ணு கேக்கணும்னு எனக்கும் ரொம்ப நாளா மனசுல கீது” என்றாள் வெள்ளச்சி. “ரேஞ்சரு முன்னாடி, ‘ரெண்டு கண்ணி விழுந்துடுச்சு’ன்னு பட்டுனு சொல்லிட்டீங்களே... எனக்கு உசுரே பூட்ச்சு. மெய்யாலுமே அன்னிக்கு ரெண்டு கண்ணிலதான் கவுதாரி வுழுந்திருந்துச்சு. உங்களுக்கு எப்டித் தெரிஞ்சுது?”

பஸ் வந்துவிட்டது. ஜன்னலோரம் உட்கார்ந்த பிறகு என் கணவர் மெதுவாகக் கேட்டார்: “யாரு அது? என்ன சொல்றா?”

என்னத்தைச் சொல்ல? அன்று ரேஞ்சரிடம் நான் சொன்னது பொய்யில்லை. சாயங்காலம் சாப்பிட்டதுதான் கோழியில்லை!