தெரியக் கூடாத எழுத்துகள்

இதைச் சொன்னால் என் கணவரே சிரிக்கிறார். சிரிக்கட்டும். அந்த நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றது நான்.

அந்த ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு நான் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. எனக்கு முன்னால் இருந்தவரை எல்லோரும் 'பூட்டு சார்' என்பார்கள். எதையும் லேசில் திறந்துவிட மாட்டாராம். அப்படிப்பட்டவர், கண்ட மென்பொருளை ஏற்றி நோயாளிகளின் விவரங்களை அழித்துவிட்டார் என்று மேலாளர் எல்லோர் முன்னாலும் திட்டித் துரத்தினாராம். அதற்குமேல் யாரும் வாய் திறக்கவில்லை.

அன்று மாலை மேலாளர் ஒரு பென்டிரைவோடு வந்தார்.

"புது பில்லிங் சாஃப்ட்வேர்மா. மெயின் மெஷின்ல ஏத்திடு."

"எங்கேருந்து வந்ததுன்னே தெரியலையே சார். மொதல்ல தனி மெஷின்ல ஓட்டிப் பாத்துடறேன்."

எங்கள் கணினிகளை இயக்கும் லினக்ஸில், கட்டளைக்கு முன்னால் 'சூடோ' என்று போட்டால் நிர்வாகியின் முழு அதிகாரம். எதை அழிக்கச் சொன்னாலும் கணினி மறுபேச்சுப் பேசாது. தெரியாத மென்பொருளுக்கு அதைக் கொடுக்கவே கூடாது.

"பூட்டும் இதே பாட்டுதான் பாடினான். நகரு."

அவரே உட்கார்ந்தார். சூடோ போட்டார். திரை கடவுச்சொல் கேட்டது. மணி ஆறு பத்து.

அந்த இடத்தில் என்ன அடித்தாலும் திரையில் ஒரு புள்ளிகூடத் தெரியாது.

டக்... டக்... டக்...

எழுத்துகள் தெரிந்தன.

'யார் ஏத்தினது?'

மேலாளரின் கைகள் மடியில் இருந்தன.

விசைகள் தானாக அமுங்கின. நிதானமாக... பழகிய கைபோல.

'சொல்லு.'

அவர் எழப் பார்த்தார். முடியவில்லை. தோளில் சட்டை கசங்கியது... ஐந்து விரல் பிடித்தாற்போல.

வாசலில் ஊழியர்கள் கூடிவிட்டார்கள். பின்னால் நோயாளிகள்.

'சொல்லு. சொல்லு. சொல்லு.'

"நான்தான்!" என்று அலறினார். "நான்தான் ஏத்தினேன்! அவன் வேணாம்னு தலைபாடா அடிச்சுக்கிட்டான்!"

டக்.

என்டர் விசை.

சட்டை தளர்ந்தது.

அதன்பிறகு மேலாளர் வேலைக்கு வரவில்லை. அந்தத் தோளை இன்னும் தூக்க முடியவில்லையாம்.

நடந்ததைச் சொல்லலாம் என்று மறுநாள் வரவேற்பில் இருக்கும் அக்காவும் நானும் பூட்டு சார் வீட்டுக்குப் போனோம். வாசலில் செருப்புகள் குவிந்துகிடந்தன. அவர் மனைவி அழுது ஓய்ந்திருந்தார்.

"வேலை போன அன்னிக்கு விழுந்தவர்மா. அதுலேருந்து நினைவே இல்ல. நேத்து சாயங்காலம் ஆறு மணிக்கு மேல விரல் மட்டும் அசைஞ்சுது. போர்வை மேல தட்டிக்கிட்டே இருந்தார். கடைசியா... சுண்டுவிரலால ஒரு அழுத்து."

தன் கையையே பார்த்தார்.

"அப்புறம் மூச்சு இல்ல."