தோளில் ஒரு தட்டு

புத்தூர் போகிற வழியில் இருக்கும் அந்த சிக்னலில் கேமரா வைத்த நாளிலிருந்து, நான் தப்பு ஏதும் செய்யாத குற்றவாளி. தலையில் ஹெல்மெட் இருக்கும், பட்டையும் மாட்டியிருக்கும். இருந்தாலும் கேமராக் கம்பத்தைப் பார்த்ததும் ஒரு கை தானாக எழுந்து ஹெல்மெட்டைத் தடவிப் பார்க்கும். ஒற்றைக் கையால் ஓட்டியதற்கு அபராதம் வருமோ என்று அதே கை பதறிக் கீழே இறங்கும். அதன்பின் வீடு வரும்வரை போனில் எந்த மெசேஜ் சத்தம் கேட்டாலும் அபராதம்தான் என்று வண்டியை ஓரங்கட்டுவேன். எடுத்துப் பார்த்தால் காஸ் சிலிண்டர் புக் ஆகியிருக்கும்.

ஒரு தடவை மஞ்சள் விளக்கைப் பார்த்ததுமே பிரேக்கைப் பிடித்துவிட்டேன். பின்னால் வந்த ஆட்டோ என் நம்பர் பிளேட்டை முத்தமிடாத குறை. டிரைவர் தலையை நீட்டினார்.

“அண்ணே, போட்டோ எடுத்துக்கணும்னா ஓரமா நின்னு எடுத்துக்குங்க. கூட நாங்க எதுக்கு?”

அவருக்கு என்ன தெரியும், அந்தக் கேமராவை நான் எவ்வளவு நம்பியிருந்தேன் என்று? அது வருவதற்கு முன்னால், அதே சிக்னலில், சிவப்பைத் தாண்டிப் பாய்ந்த ஒரு பைக் எங்களை இடித்துத் தள்ளியது. எனக்குச் சட்டை கிழிந்ததோடு சரி. பின்னால் உட்கார்ந்திருந்த மனைவிக்குக் கணுக்கால் முறிந்தது. கால் தேறியதும் பெங்களூரில் மகள் வீட்டுக்குப் போனவள் இன்னும் திரும்பவில்லை. இந்த ரோட்டில் இனி வண்டி ஏற மாட்டாளாம்.

தினமும் போனில் கேமராவின் புகழ் பாடினேன்.

“இப்பல்லாம் கோட்டைத் தாண்டறதே இல்ல. பிரசாதத்துக்கு நிக்கிற மாதிரி வரிசையா நிக்கிறாங்க.”

“பிரசாதத்துக்கு என்னைக்கு வரிசையா நின்னாங்க?”

“சரி, அதைவிட ஒழுங்கா. அங்க இப்ப யாரும் விழறதில்ல, தெரியுமா?”

“கேமரா இல்லாத எடத்துல?”

சிக்னலில் சாதுவாக நிற்பவர்கள் கம்பம் பின்னால் போனதும் எப்படிப் பறப்பார்கள் என்பது எனக்குத் தெரியும். கூடவே பறப்பவன்தானே நான்.

“இனிமே நான் நிக்கிறேன்,” என்றேன்.

“பாப்போம்,” என்று வைத்துவிட்டாள்.

அன்று சாயங்காலம் காவிரிப் பாலம் தாண்டி வந்துகொண்டிருந்தேன். ராஜகோபுரத்துக்கு எதிரே, பஸ்ஸிலிருந்து இறங்கிய கூட்டம் சாலையைக் கடக்கத் தயங்கி நின்றது. கேமரா எதுவும் என் கண்ணில் படவில்லை. வண்டியை நிறுத்தினேன்.

மனைவி பின்னால் உட்கார்ந்து வந்தபோது அந்த இடத்தில் எப்போதும் மெதுவாகத்தான் போவேன். செருப்பிலிருந்து குதிகாலை உருவிக்கொண்டு கோபுரத்தைக் கும்பிடுவாள். “நீங்க ஹேண்டில்பார்லேருந்து கையை எடுக்காதீங்க. உங்களுக்கும் சேத்து நானே வேண்டிக்கறேன்,” என்பாள். கும்பிட்டு முடித்ததும் என் தோளில் ஒரு தட்டு விழும். இனி வேகமாகப் போகலாம் என்று அர்த்தம்.

கூட்டம் கடந்து போயிற்று. எதிரே சாலை காலி. பின்னால் ஹாரன் மேல் ஹாரன். நான் மட்டும் அப்படியே நின்றிருந்தேன், தட்டு விழட்டும் என்று.

“சார், வண்டி நின்னுபோச்சா? தள்ளணுமா?” என்றார் ஒருவர்.

வீட்டுக்கு வந்ததும் போன் போட்டேன். “கேமரா இல்லாத எடத்துல நின்னேன். நம்ம கோபுரத்துக்கிட்ட.”

“கும்பிட்டீங்களா?”

“நீதானே கையை எடுக்காதீங்கன்னு சொல்லியிருக்கே.”



“நான் வர்ற வரைக்கும் எடுக்காதீங்க,” என்றாள்.